ஜோடி மெமரியும் இரண்டு கொம்யூனும்

ஒதியம்பட்டில் முன்பு நெல் கொள்முதல் கிடங்காக இருந்து, எலிகளே வேண்டாமென்று விட்டுப் போன கட்டடத்தில்தான் அந்த மையம் இயங்கியது. முழுப் பெயர் சங்கராபரணி ஊரக அதிவேகக் கணினிச் செயல்விளக்க மேம்பாட்டு மையம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். அதனால் ஒரு முனையைப் பக்கத்துத் தென்னை மரத்தில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். காற்றடித்தால் மேம்பாடு மட்டும் ஆடும்.

மையத்தில் ஒரே ஒரு கணினி. கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் கணினியை ஓட்டுவதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். கிராமத்துப் பிள்ளைகளும் ஓவர்கிளாக் செய்ய வேண்டும் என்று யாரோ பெரியவர் எங்கோ ஒரு மேடையில் பேசிவிட்டார். பேசியவர் மறந்துவிட்டார், எழுதிக்கொண்டவர்கள் மறக்கவில்லை. கணினி வந்தது, அதைத் தண்ணீரால் குளிர வைக்கும் சாதனம் வந்தது, சுழல் நாற்காலி வந்தது. மெமரி மட்டும் வரவில்லை. ஆணையில் அந்தச் சொல் விட்டுப்போயிருந்தது. மெமரி இல்லாத கணினி கண்ணே திறக்காது. ஆகவே நல்ல மெமரியைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைத்தார்கள்.

செல்வகுமாரி இந்தக் குழுவில் மாட்டிக்கொண்டது அவளுக்கு மெமரியைப் பற்றித் தெரியும் என்கிற ஒரே குற்றத்துக்காக. செல்லிப்பட்டு கண்ணையனின் மகள். கண்ணையனுக்குக் கரும்பு வெட்டு வேலை, இடையில் மற்ற கூலி. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது. பட்டம் வாங்கிய கையோடு மையத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். ஒப்பந்த ஆட்கள் ஓடிவிடுவார்களாம். இருப்புப் பதிவேட்டில் 'பிளாஸ்டிக் உறை, தாள்களுடன், ஒன்று' என்று ஏற்றினார்கள். அவள் பெயர் அதில் இல்லை.

அவள் வீட்டில் பழைய மதர்போர்டு ஒன்றை வைத்துக்கொண்டு, மெமரியை எவ்வளவு தூரம் விரட்டலாம் என்று சோதித்து முடிவுகளை இணையத்தில் போட்டு வந்தாள். அதைப் பார்த்த பெங்களூர் கம்பெனி ஒன்று, மெமரியைச் சோதிக்கும் வேலைக்கே அவளைக் கூப்பிட்டது. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, ஒரிஜினல் சான்றிதழ்களோடு வர வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

இயக்குநர் புகழ்வேந்தனிடம் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினாள். அவர் கால்நடைத் துறையிலிருந்து அயல்பணியில் வந்தவர். கடிதத்தைப் படித்துவிட்டு அன்பாகச் சிரித்தார்.

"போம்மா, யாரு வேணான்னது. குழு முடிஞ்ச அன்னிக்கே சர்டிபிகேட்டு உன் கையில. ஆனா குழுவோட தொழில்நுட்ப உறுப்பினரே நீதான். நீ போயிட்டா குழு இல்ல. குழு இல்லைன்னா உன்ன யாரு விடுவிக்கிறது?"

அவள் இரண்டு நாள் யோசித்தும் இதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. அது ஜூன் மாதம். செப்டம்பருக்கு நிறைய நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

குழுவில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் கணக்கு அலுவலர் புவனேஸ்வரி. ஒரு முறை ஜீப் ஓட்டுநர் வேகமாக ஓட்டி டீசல் வீணாக்கினார் என்று அவர் சம்பளத்தில் பிடித்தவர், அந்தப் புகழிலேயே பதவி உயர்வு பெற்றவர். மற்றவர் மக்கள் பிரதிநிதி கில்பர்ட். அவர் அப்பா பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் ஊரில் சொல்தா வீட்டுப் பிள்ளை. வயது எழுபது. எந்தக் கூட்டத்திலும் கைத்தடியைத் தரையில் தட்டி ஆமோதிப்பது அவர் பங்கு.

முதல் கூட்டத்தில் செல்வகுமாரி மூன்று வகை மெமரிகளின் விவரத்தை வைத்தாள். பார்க்க வேண்டியது இரண்டு எண்கள் என்றாள். ஒன்று வேகம், அது அதிகமாக இருக்க வேண்டும். இன்னொன்று தாமதம், அதாவது கேட்டதை எடுத்துக் கொடுக்க மெமரி எவ்வளவு காக்க வைக்கிறது என்பது. அது குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் பொருந்துகிற மெமரியைத்தான் மேலே விரட்ட முடியும்.

புவனேஸ்வரி ஒப்பீட்டு அட்டவணை போட்டார். அவருக்குத் தெரிந்த எல்லா அட்டவணையிலும் கூட்டுத்தொகை அதிகமாக இருப்பதுதான் முதலிடம். வேகத்தையும் தாமதத்தையும் கூட்டினார். ரொம்பக் காக்க வைக்கிற மெமரி முதலிடம் பிடித்தது.

செல்வகுமாரி எழுந்து, தாமதத்துக்கு மார்க் போடக் கூடாது என்றாள். புகழ்வேந்தன் கையைக் காட்டி அவளை உட்கார வைத்தார்.

"தாமதம்னா மட்டம்னு ஒரு எண்ணம் இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு. எனக்கு இந்த நாற்காலி பன்னெண்டு வருஷம் தாமதமா வந்தது. அதனால என் தரம் குறைஞ்சா போச்சு? நம்மகிட்ட வர்ற ஒரு மனுவ உடனே முடிச்சா மனு குடுத்தவனே நம்மள மதிக்க மாட்டான். நிதானம் ஒரு தகுதி. அதுக்கு மார்க் உண்டு."

கில்பர்ட் கைத்தடியைத் தட்டினார். தீர்மானம் நிறைவேறியது.

இரண்டாம் கூட்டம் விளக்கைப் பற்றியது. உயர்ரக மெமரிகளின் உச்சியில் வண்ண விளக்கு எரியும். அந்த வண்ணம் ஏதாவது ஒரு கட்சியின் கொடியாகிவிடக் கூடாது என்று கில்பர்ட் கவலைப்பட்டார். ஒவ்வொரு நிறமாக எடுத்துப் பார்த்தார்கள். ஒதியம்பட்டிலிருந்து பாகூர் வரை கம்பத்தில் ஏறாத நிறமே இல்லை என்று தெரிந்தது. விளக்கை அணைத்து வைக்கலாம் என்றாள் செல்வகுமாரி. எரியும் விளக்குக்குக் காசு கொடுத்துவிட்டு எரிய விடாமல் வைத்தால் தணிக்கையில் கேட்பார்கள் என்றார் புவனேஸ்வரி. கடைசியில், விளக்கு எரிய வேண்டும், யார் கண்ணுக்கும் தெரியாதபடி கறுப்பு டேப் சுற்ற வேண்டும் என்று முடிவானது. டேப் சுற்றினால் மெமரி சூடாகும் என்று அவள் சொன்னதும் குறிப்பில் ஏறியது, 'உறுப்பினர் தன் கருத்தைத் தெரிவித்தார்' என்று.

மூன்றாம் கூட்டத்தில் ஓவர்கிளாக்கே சிக்கலானது. அரசுப் பொருளை நிர்ணயித்த திறனுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்ற விதியைப் புவனேஸ்வரி கொண்டுவந்தார். ஜீப் வழக்கை முன்னுதாரணமாகக் காட்டினார். ஓவர்கிளாக் செய்வதற்குத்தானே இந்த மையம் என்று செல்வகுமாரி கேட்டாள். நியாயமான கேள்வி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மாலைவரை பேசி, 'நிர்ணயித்த வேகத்துக்கு உட்பட்டு ஓவர்கிளாக் செய்யலாம்' என்று தீர்மானம் எழுதினார்கள்.

வீட்டில் அவள் அம்மா தனக்கொடி, பெங்களூர் குளிருமென்று ஒரு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருந்தாள். குழு இன்னும் முடியலையா என்று தினமும் கேட்பாள். இன்னும் இல்லை என்றால், அப்படி என்னதான் பேசுவீங்க என்பாள். செல்வகுமாரி சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவாள். சொன்னால் மகளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று அம்மா பயந்துவிடக்கூடும்.

ஆடியில் மெமரி வந்து இறங்கியது. விரல் நீளத்தில் இரண்டு பட்டைகள், ஒரே பெட்டியில் ஜோடியாக. அன்றைக்கு மேளம் வைத்தார்கள். புகழ்வேந்தன் தன் கையாலேயே பெட்டியைப் பிரித்து, பட்டைகளின் அடியில் வரிசையாக மின்னிய தங்கப் பற்களுக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். அந்தப் பற்கள்தான் மதர்போர்டைத் தொட வேண்டும், அங்கே எதுவும் படக் கூடாது என்று அவள் கத்துவதற்குள் முடிந்துவிட்டது. உடனே கில்பர்ட், எங்க பக்கமும் ஒண்ணு இருக்கணும் இல்ல என்று மாதா கோயில் குளத்துத் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து தெளித்தார். நல்லிணக்கம் என்று கைதட்டினார்கள். அன்று மாலை முழுக்க செல்வகுமாரி பள்ளிக்கூட ரப்பரால் அந்தப் பற்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தப்பித்தன. இப்போது இரண்டையும் போட்டு ஓட்டிக் காட்டிவிட்டால் குழு முடிந்தது.

அந்த நேரத்தில்தான் பாகூரிலிருந்து புகார் வந்தது. மையம் வில்லியனூர், பாகூர் என்ற இரண்டு கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் பொது. ஒதியம்பட்டு இருக்கிற வில்லியனூர் கொம்யூனுக்கு இரண்டு மெமரி, பாகூர் கொம்யூனுக்கு ஒன்றுமில்லையா?

செல்வகுமாரிக்கு நடக்கப்போவது புரிந்துவிட்டது. இயக்குநர் கால்நடைத் துறைக்காரர் என்பதால் அவருக்குப் புரிகிற மாதிரியே சொன்னாள்.

"சார், இது ஜோடி மாடு மாதிரி. ரெண்டும் ஒண்ணா சோதிச்சு ஒண்ணா பழக்குனது. ஒரே நுகத்துல பூட்டுனாத்தான் ஓடும். பிரிச்சா ரெண்டும் வீணு."

புகழ்வேந்தன் முகம் மலர்ந்தது. "இப்பதாம்மா எனக்கு வெளங்குச்சு. நான் சர்வீஸ்ல எத்தன மாடு குடுத்திருப்பேன். ஜோடியா ஒரே வீட்டுக்குக் குடுத்ததே இல்ல. வீட்டுக்கு ஒண்ணு. அதான் சமூக நீதி."

ஒரு பட்டை ஒதியம்பட்டில் இருந்தது. இன்னொன்று பாகூருக்கு ஜீப்பில், நிர்ணயித்த வேகத்துக்கு உட்பட்டுப் போனது. பாகூர் கிளையில் கணினி கிடையாது. அதனால் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மாலை போட்டார்கள்.

தனியாக நின்ற ஒற்றைப் பட்டை, டேப் சுற்றிய சூட்டில், சந்தன வாசனையோடு கணினியை எப்படியோ எழுப்பியது. ஆனால் எழுந்ததோடு சரி. ஆகஸ்டில் ஆய்வுக்கு வந்த மேலதிகாரி ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னார். திறப்பதற்குள் டீ குடித்து முடித்தார். தன் கைபேசியே இதைவிட வேகம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அவசரக் கூட்டம் கூடியது. தவறு எங்கே என்று அலசினார்கள். குழுவில் தவறில்லை. முறைப்படி எல்லாம் நடந்திருக்கிறது. ஆகவே மெமரிதான் பழுது. இரண்டு பட்டைகளையும் கண்டம் செய்வது, அதாவது இனி உதவாது என்று எழுதி ஏலத்தில் தள்ளுவது என்று தீர்மானித்தார்கள். அதற்கு ஒரு குழு வேண்டும். தேர்வுக் குழுவே இனி கண்டக் குழுவாகத் தொடரும் என்றார் புகழ்வேந்தன். கண்டம் முடிந்ததும் புது மெமரி வாங்க வேண்டும், அதற்கும் இதே குழு தொடரும்.

செல்வகுமாரி நாட்காட்டியைப் பார்த்தாள். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம்தான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"இங்கேருந்து ஒரு பொருள் வெளிய போகணும்னா கண்டம் ஆனாத்தான் முடியுமா? அப்ப என்னையும் கண்டம் பண்ணி வுட்டுருங்க. போயிடறேன்."

கோபத்தில் சொன்னது. அவர்கள் அதை முன்மொழிவாக எடுத்துக்கொண்டார்கள். புவனேஸ்வரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அசையும் பொருளா அசையாப் பொருளா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும் என்றார். அந்தப் பொண்ணு அசையுது என்றார் கில்பர்ட். ஆனால் பதிவேட்டில் ஏறாததைக் கண்டம் செய்ய முடியாது. அவள் ஏறவில்லை. தேடியதில் அவளுடையது என்று பதிவேட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. பிளாஸ்டிக் உறை, தாள்களுடன்.

"வழி கெடைச்சிடுச்சும்மா" என்றார் புகழ்வேந்தன், உண்மையான சந்தோஷத்தோடு. "உன்ன விடுவிக்க முடியாது. உன் சர்டிபிகேட்ட விடுவிக்கலாம்."

அதுவாவது கிடைக்கட்டும் என்று அவள் தலையாட்டினாள். விதிப்படி அது நேராக அவள் கைக்கு வராது, ஏலத்தில் யார் எடுக்கிறார்களோ அவர்களுக்கு என்று பிறகுதான் சொன்னார்கள். ஊழியர்கள் ஏலம் கேட்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

கண்டமான ஒவ்வொரு பொருளுக்கும் சிவப்பு முத்திரை உண்டு. உடைந்த விசிறிக்கு ஒன்று, பல் உதிர்ந்த விசைப்பலகைக்கு ஒன்று, மெமரிப் பட்டைகளுக்கு ஒன்று. உறையைப் பிரித்துப் பட்டத்தை வெளியே எடுத்தபோது புவனேஸ்வரியின் கை கொஞ்சம் தயங்கியது. அவர் வீட்டிலும் ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். "பின்பக்கம் வெக்கிறேன் பாப்பா" என்று தணிந்த குரலில் சொல்லி, திருப்பி வைத்துக் குத்தினார். மை ஊறி முன்பக்கம், அவள் பெயருக்குக் கீழே, லேசாகத் தெரிந்தது.

சனிக்கிழமை ஏலம். மறுநாள் இரவு பஸ்ஸில் பெங்களூருக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். அவளால் கேட்க முடியாது என்பதால் கண்ணையன் வந்தார். அவருக்கு ஏலம் புதிதில்லை. வருஷாவருஷம் ரோட்டோரப் புளியமரங்களைக் கொம்யூன் ஏலம் விடும்போது போய் நிற்பவர். ஏலத்தில் அவருக்கு ஒரே ஒரு வித்தை தெரியும். எது வேண்டுமோ அதை மட்டம் தட்ட வேண்டும். இந்த மரமா, பூச்சி அரிச்சது, காய் வெறும் ஓடு என்று திட்டிக்கொண்டே இருந்தால் மற்றவன் விலகிவிடுவான்.

வெளியிலிருந்து வந்த ஒரே ஆள், வில்லியனூரில் காயலான் கடை வைத்திருக்கும் பாக்யராஜ். மொத்தக் குப்பையும் ஒரே குவியலாகக் கிடந்தது. உச்சியில் உறை.

கண்ணையன் முதல் தொகையைச் சொன்னதும் பாக்யராஜ் திரும்பிப் பார்த்தான். "இன்னா பெரியவரே, கரும்பு வெட்டுற ஆளுக்குக் கம்ப்யூட்டர் குப்ப எதுக்கு?"

"கோழி அடைக்க ஒரு பொட்டி வோணும்" என்றார் கண்ணையன்.

பாக்யராஜ் கொஞ்சம் ஏற்றிக் கேட்டான். கண்ணையன் குவியலிடம் போய் ஒவ்வொன்றாகத் தூக்கித் திட்ட ஆரம்பித்தார். விசிறி செத்துப்போச்சு, விசைப்பலகை பல்லுபோன கிழவி என்றார். பிறகு உறையை எடுத்தார். செல்வகுமாரி குழு மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவர் அவள் பக்கம் பார்க்கவில்லை.

"இது இன்னா, வெறும் பேப்பரு. நாலு வருசம் படிச்சாளாம். படிச்சி இன்னாத்த கிழிச்சா? அடுப்பு பத்த வெக்கக்கூட ஆவாது, நனைஞ்ச மாதிரி மை வேற. இத சும்மா குடுத்தாக்கூட எவன் வூட்டுக்குத் தூக்கினு போவான்?"

வாய் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க, இரண்டு உள்ளங்கைகளும் உறையை அடியிலிருந்து தாங்கிப் பிடித்திருந்தன, ஒரு மூலையும் மடங்காமல். அதை பாக்யராஜும் பார்த்துவிட்டான். பழைய இரும்பில் பித்தளை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவன் பிழைப்பு. இதுல இன்னாமோ இருக்குது என்று தொகையை ஏற்றினான். கண்ணையன் ஏற்றினார். அவன் மறுபடியும் ஏற்றினான். கண்ணையன் மடியைத் தடவிப் பார்த்தார். அவ்வளவுதான் அவரிடம் இருந்தது.

பாக்யராஜுக்கும் ஒரு சந்தேகம் வந்தது. இயக்குநரிடம், அந்தப் பேப்பரு எதுக்காவது உதவுமா சார் என்று கேட்டான். புகழ்வேந்தன் முறைப்படி தொழில்நுட்ப உறுப்பினர் பக்கம் திரும்பினார்.

செல்வகுமாரி ஓரடி முன்னால் வந்தாள். அப்பா இப்போதுதான் அவளைப் பார்த்தார்.

"உதவாது சார்."

"காரணம் சொல்லும்மா. குறிப்புல ஏத்தணும்."

"அத வாங்குனவ இங்க சொன்ன ஒண்ணாவது எடுபட்டுதா சார்? வேற காரணம் எதுக்கு."

புவனேஸ்வரியின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது. கில்பர்ட் கைத்தடியைத் தட்டினார். அந்த மையத்தில் அவள் சொன்ன கருத்து விவாதமே இல்லாமல் ஏற்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

பாக்யராஜ் உதட்டைப் பிதுக்கி, தான் கடைசியாக ஏற்றிய தொகையை வாபஸ் வாங்கிக்கொண்டான். கண்ணையன் கேட்ட தொகைக்கே குவியல் முடிந்தது. பொருளை உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொள்கிறேன், பின்னால் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன் என்ற இடத்தில் கைநாட்டு வைத்தார்.

அவர்கள் வாசலைத் தாண்டும்போது புகழ்வேந்தன் பின்னாலிருந்து கூப்பிட்டார். புதன்கிழமை புது மெமரித் தேர்வுக் கூட்டம், மறந்துடாத, ராஜினாமா இன்னும் நிலுவையிலதான் இருக்கு என்றார். செல்வகுமாரி திரும்பவில்லை.

குப்பை மூட்டையைக் கட்டிய டிவிஎஸ் வண்டியில், உறையை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தாள். ஒரு மெமரிப் பட்டையில் காய்ந்த சந்தனம் இருந்தது. மற்றதில் பாகூர் மாலையின் நார் ஒட்டியிருந்தது. இரண்டையும் எடுத்து, டேப்பை உரித்துவிட்டு, உறைக்குள் பட்டத்தோடு சேர்த்து வைத்தாள். செல்லிப்பட்டு ரோட்டில் திரும்பியதும் அப்பா சொன்னார்.

"ஏலத்துல சொன்னத மனசுல வெச்சிக்காத."

"தெரியும்பா."

கொஞ்ச தூரம் போனதும், தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"நீ சொன்னியே. அதுவும் ஏலத்துக்குத்தான?"

அவள் உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வேகமா போப்பா. அவங்க இன்னொரு குழு போடறதுக்குள்ள வூட்டுக்குப் போயிடலாம்."

"இந்த வண்டி இவ்ளோதான் போவும்னு வாங்கும்போதே சொன்னான்" என்றபடி கண்ணையன் கைப்பிடியை முழுசாக முறுக்கினார். வண்டி நடுங்கியது. மூட்டையில் தகரங்கள் கடகடத்தன. அது போகக் கூடாத வேகத்தில் போக ஆரம்பித்தது.